டொக்டர் கேட்ட ஒரு கேள்வி

1

என் மகள் ட்ரோகரியில் வேலை செய்கிறாள் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

இந்தச் சுவிஸ் நாட்டில் ட்ரோகரி என்பது சவர்க்காரம், மூலிகைத் தேயிலை, இருமல் இனிப்பு, குதிக்கால் வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு எல்லாம் விற்கிற கடை. வெள்ளை மேலங்கி போட்ட பெண்கள் நிற்பார்கள். மரியாதையான வேலை. அபி சனி ஞாயிறுகளில் எங்கோ புறப்படத் தொடங்கியபோது, "எங்க பிள்ளை போறாய்?" என்று கேட்டேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பாதி ஜெர்மனிலும் பாதித் தமிழிலும் ஏதோ சொன்னாள். என் காதில் ட்ரோகரி என்று விழுந்தது. அவள் சொன்னது ட்ரோகன். அதற்கு அர்த்தம் போதைப்பொருள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் காது இன்னும் திருகோணமலைக் காதுதான். பாதி கேட்கும், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

கோயில் மடைப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. என்ர மகன் பாட்டுத் திருவிழா ஒண்டுக்குப் போனவன். அங்க போதைக் குளிசை, அந்த மாத்திரையளைச் சோதிக்கிற கூடாரத்தில உங்கட அபியைக் கண்டவனாம். சோதிக்கக் குடுக்க வந்து நிக்கேல்லையாம். உள்ளுக்க, வேலை செய்யிற ஆக்களோட நிண்டவவாம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அபி ஒளிக்கவில்லை. முதல் நாளே சொன்னேனே என்றாள். அவள் இரசாயன ஆய்வுகூட வேலை படித்தவள். வாரநாட்களில் ஒரு கம்பனியில் வேலை. சனி ஞாயிறில் சம்பளமில்லாமல் இது.

"ஆரும் ஒரு குளிசையைக் கொண்டு வந்தா, அதில கொஞ்சம் சுரண்டி எடுத்து, உள்ளுக்க என்ன இருக்கு எண்டு பாப்பம் அம்மா. பிறகு அவையோட இருந்து கதைப்பம். குடியோட சேக்காதேங்கோ, தனிய எடுக்காதேங்கோ, இடையில வெளிய வந்து குளிர்ச்சியா இருங்கோ, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லுவம். ஆருக்கும் உடம்பு கொதிச்சுக் கதை தடுமாறினா உடன அம்புலன்ஸ். டொக்டர் கேட்டா, என்ன எடுத்தது எண்டு மறைக்காமச் சொல்லவேணும்."

"அப்ப இது நல்ல குளிசை, போடுங்கோ எண்டு சொல்லி விடுவியளோ?"

"ஒருநாளும் சொல்லமாட்டம். எடுக்காமல் இருக்கிறதுதான் நல்லது எண்டு முதலே சொல்லுவம். அதுக்குப் பிறகும் எடுக்கிற ஆக்கள் எடுப்பினம். அவை சாகக்கூடாது. தெரிஞ்சதைச் சொல்லுவம், தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுவம். அதுதான் வேலை."

"குடிகாரனுக்குக் கிளாஸ் கழுவிக் குடுக்கிற வேலை," என்றேன்.

அவள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் கோபத்தில் கதவை அடித்துச் சாத்துவதில்லை, மெதுவாகத்தான் மூடுவார்கள். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க ஏலாது.

2

என் தம்பி நாதனுக்குத் திருகோணமலையில், மூதூர்ப் படகு போகிற இறங்குதுறைக்குக் கிட்ட, படகு எஞ்சின் திருத்துகிற கடை. அவனுக்கும் புவனாவுக்கும் ஒரே பிள்ளை ஜனகன். ஜனகன் நிலாவெளியிலிருந்து சுற்றுலாக்காரரைப் படகில் புறாமலைத் தீவுக்கு ஏற்றிப்போய், தண்ணீருக்குள் மீனும் பவளப்பாறையும் காட்டிக் கொண்டுவருவான். நீரில் இறங்கினால் ஏறமாட்டான். வெயிலில் காய்ந்து தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. ஜெர்மன்காரரிடம் பொறுக்கிய சொற்களைத் தொலைபேசியில் என்னிடம் விட்டுப் பார்ப்பான். நான் பிழை திருத்தினால், "மாமி, உங்கட ஜெர்மன் எங்கட ஊர்த் திருக்கடலூர் ஜெர்மன்" என்று சிரிப்பான்.

அபிக்குத் தமிழ் நாக்கில் தங்கியதற்கு நான் காரணமில்லை, அவன்தான். சின்ன வயதில் நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப்போனபோது அழுதவள், மச்சானோடு கதைப்பதற்காகத் தமிழைத் தானே தேடிப் படித்தாள். இருவரும் குரற்பதிவு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். "இஞ்ச றோட்டில மான் நிக்குது. உங்க றோட்டில மனுசராவது நிக்கினமோ?" என்று அவன் கேட்டது எங்கள் குசினிக்குள் கேட்கும். அபி விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரும்பாலும் நான் அவளுடைய அந்தச் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறேன். யன்னல் இல்லாத அறை. படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, சூட்டோடு மடித்து அடுக்கவேண்டும். ஆடி மாதத்தில் ஒருநாள், அப்படி மடித்துக்கொண்டிருந்தபோது புவனாவின் அழைப்பு வந்தது. அழுகைக்குள் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. நாதன் தொலைபேசியை வாங்கினான்.

"அக்கா, ஜனகன் போயிட்டான். வெயில் அடிச்சிட்டுது."

விரிப்பு கையில் சுட்டுக்கொண்டே இருந்தது. நான் அதை மடித்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அபி குசினித் தரையில் இருந்தாள். செய்தி அவளுக்கு எனக்கு முதலே வந்துவிட்டிருந்தது.

"அம்மா, அவன் என்னட்டக் கேட்டவன்."

"என்னத்தை?"

"ஆரோ ஒரு குளிசை குடுத்ததாம். படம் எடுத்து அனுப்பினவன். இது என்ன மச்சாள், எடுத்தா என்ன செய்யும் எண்டு கேட்டவன். படத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது எண்டனான். எடுக்காத எண்டனான். எடுக்கிறதெண்டா இப்பிடி இப்பிடிச் செய் எண்டு எல்லாம் சொன்னனான்."

"மாமாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"மாமா அவனுக்கு அடிச்சிருப்பார். அதுக்குப் பிறகு அவன் எடுக்கிறதை நிப்பாட்டமாட்டான், என்னட்டக் கேக்கிறதைத்தான் நிப்பாட்டுவான்."

அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை. அன்று அவளைத் திட்டவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன், அவ்வளவுதான்.

3

செத்தவீட்டுக்கு எங்களால் போக முடியவில்லை. என் வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, அலுவலகத்தில் கிடந்தது. அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது கரைச்சல் என்றார்கள். மரணம் என்றேன். மரணச் சான்றிதழை ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

ஆண்டுத் திவசத்துக்குத்தான் போனோம். அபியும் வந்தாள்.

வீட்டில் ஜனகனுடைய நீச்சல் கண்ணாடி இன்னும் ஆணியில் தொங்கியது. புவனா இளைத்துப்போயிருந்தாள். நாதன் நிறையக் கதைத்தான், எஞ்சினைப் பற்றி, டீசலைப் பற்றி, கச்சான் காற்று இந்த வருடம் முந்தியே தொடங்கிவிட்டதைப் பற்றி. ஜனகனைப் பற்றி வருகிறவர் போகிறவரிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: "வெயில். கடல்வெயில் ஆளைக் கொல்லும்." உடற்கூற்றுப் பரிசோதனைக்குப் பிறகு மாதிரிகள் கொழும்புக்குப் போய், நெடுநாளைக்குப் பிறகு அறிக்கை வந்ததாம். போய் வாங்கச் சொல்லி ஆள் அனுப்பியும் நாதன் போகவில்லை. "கொழும்பில இருக்கிறவனுக்கு என்ர பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்?" என்றானாம்.

றிஸ்வான் எங்களைத் தேடி வீட்டுக்கு வரவில்லை. இறங்குதுறையில் சந்திக்கலாமா என்று அபிக்குச் செய்தி அனுப்பினான். நானும் கூடப் போனேன். அவன் கிண்ணியாப் பிள்ளை, ஜனகனோடு ஒரே படகில் வேலை செய்தவன். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூதூர்ப் படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்றுதான் அபியிடம் சொன்னான்.

இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு விடுதியில் பகலில் பாட்டும் ஆட்டமும் வைத்திருந்தார்கள். ஜனகனும் கூட்டாளிகளும் போனார்கள்.

"அக்கா, நீங்க சொன்னதெல்லாம் அவன் எங்களுக்கும் சொன்னவன். எடுக்காத ஒராள் பக்கத்தில இருக்கோணும் எண்டவன். நான் எடுக்கல்ல. நான்தான் அந்த ஆள். முதல்ல பாதிதான் போட்டான். ஒண்டும் செய்யல்லண்டு மத்தப் பாதியையும் போட்டுட்டான். பிறகு பியரும் குடிச்சான். வேணாம் மச்சான் எண்டன். கேக்கல்ல. வெயிலுக்குள்ள நிண்டு ஆடினான்."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"உடம்பு அடுப்புக்கல்லு மாதிரிச் சுட்டிச்சு. என்ட பேரைக் கேட்டா வேற பேர் சொல்றான். மத்தப் பொடியனுகள், பொலிஸ் வந்தா எல்லாரும் உள்ளுக்குத்தான் எண்டு ஓடிட்டானுகள். அம்புலன்சுக்குப் போன் அடிக்கப் போக, விடுதி மனேஜர் இஞ்ச அம்புலன்ஸ் வரக்கூடாது எண்டுட்டார். தூக்கி ஓட்டோவில போட்டன். ஈரத் துணியால துடைச்சித் துடைச்சிக் கொண்டு போனன். போற வழியில அவன்ட அப்பாக்கும் போன் அடிச்சன்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு நாதனும் ஓட்டோவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன வயதுச் சிங்கள டொக்டர். பெண். ஜனகனைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "என்ன எடுத்தது? சொல்லுங்க. பொலிசுக்கு இல்ல, மருந்து குடுக்க."

"அங்கிள் சொன்னார், என்ர பிள்ளை அப்பிடிப்பட்டவன் இல்லை, படகில நிக்கிற பிள்ளை, வெயில்தான் எண்டு. அந்த டொக்டர் திரும்பவும் கேட்டா. இந்தமுறை என்னைப் பாத்துக் கேட்டா. நான் வாயைத் திறந்தன் அக்கா. அங்கிள் எனக்கு அடிக்கல்ல. ஏசவும் இல்ல. என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்."

படகு சங்கு ஊதிப் புறப்பட்டது.

"நான் வாயை மூடிட்டன். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி அவன் மௌத்தாயிட்டான்."

அபி அவன் கையைப் பிடித்தாள். நடுப்பகலில், இறங்குதுறையில், ஒரு பெண் தன் கையைப் பிடிக்கிறாள் என்று அந்தப் பிள்ளை கூசி நின்றான். கையை இழுக்கவும் இல்லை.

4

பின்னேரம் திரும்பி வரும்போது அபி சொன்னாள்: "அம்மா, ஓடின பெடியளோட நான் கதைக்கவேணும். அவைக்கு அடுத்தமுறை என்ன செய்யிறது எண்டு தெரியவேணும்."

அந்தப் பெடியள் சேருகிற விளையாட்டுக் கழகத்தின் தலைவரைப் போய்க் கண்டோம். சந்தோசமாக ஒத்துக்கொண்டார். சுவிஸில் படித்த பிள்ளை என்றதும் இரட்டிப்புச் சந்தோசம். அடுத்த நாளே மண்டபத்தில் கதிரைகள் போட்டு, "போதையை ஒழிப்போம்" என்று பெரிய எழுத்தில் பதாகை கட்டி, பிரதம விருந்தினராக ஒரு பொலிஸ் அதிகாரியையும் அழைத்துவிட்டார். அபி பதாகையைப் பார்த்து, அதிகாரியைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

தலைவர் அவளைப் பக்கத்துக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, எடுக்கவேண்டாம் எண்டு நல்ல வடிவாச் சொல்லுங்கோ. எடுத்தா என்ன செய்யிறது எண்ட கதை மட்டும் வேண்டாம். நாங்களே பழக்கிக் குடுத்தமெண்டு வந்திடும்."

"அவை எடுக்கினம் தானே அங்கிள்?"

"எடுக்கட்டும். அதை நாங்கள் சொல்லக்கூடாது."

அவள் எழுந்து கதைத்தாள். தமிழைத் தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். தன் வேலையைச் சொல்லும் இடம் வந்தது. "நாங்கள் பெடியளைச் சோதனை செய்வம்," என்றாள். பெடியள் கொண்டுவருகிற குளிசையை என்று சொல்ல நினைத்தவள். அவள் படித்த தமிழில் சோதனை என்றால் ஆய்வுகூடம். அந்தப் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் றோட்டில் மறித்து, இறக்கி, பொக்கற்றுக்குள் கைவிடுவது. முன்வரிசையில் பொலிஸ் அதிகாரி காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார். ஒவ்வொரு முகமாகப் பூட்டிக்கொண்டதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

அதிகாரி தன் பேச்சில் அவளைப் பாராட்டினார். கைதட்டினார்கள். றோல்சும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். ஓடின பெடியளில் ஒருவன்கூட அவளுக்குக் கிட்ட வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜனகனின் அறையில் படுத்தவள் சாப்பிட எழும்பவில்லை.

"நான் என்னம்மா பிழையாச் சொன்னனான்?" என்று மட்டும் கேட்டாள்.

விளங்கப்படுத்தினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

5

திவசத்துக்கு முதல்நாள் காலை நாதன் கடையைத் திறக்கவில்லை. முற்றத்தில் கதிரையைப் போட்டு, அபியைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினான். நானும் புவனாவும் குசினியில் காய்கறி அரிந்துகொண்டிருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது.

"பிள்ளை, நீ இந்த விசயம் படிச்சனி எண்டு சொல்லுகினம்."

"ஓம் மாமா."

"நான் ஒண்டு கேக்கிறன். என்ர மனம் ஆறட்டும் எண்டு சொல்லாமல் உள்ளதைச் சொல்லு." கதிரையைக் கிட்ட இழுத்தான். "அண்டைக்கு அந்த டொக்டர் கேட்டவ. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். சொல்லியிருந்தா என்ர பிள்ளை பிழைச்சிருப்பானோ?"

புவனாவின் கையில் கத்தி நின்றது. ஒரு வருடமாக வெயில் வெயில் என்று ஊருக்குச் சொன்னவன், தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அபி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற பிள்ளை. அந்தப் பதிலைத் தம்பி எப்படித் தாங்குவான்? அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெலிந்துபோன அந்த மனிதன், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன்போல முன்னால் குனிந்திருந்தான்.

"இல்லை மாமா," என்றாள். "சொல்லியிருந்தாலும் பிழைச்சிருக்கமாட்டான்."

"உண்மையாத்தானோ?"

"ஓம் மாமா."

நாதன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான். செத்தவீட்டில்கூட அவன் அழவில்லை என்று புவனா பிறகு சொன்னாள். புவனா ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். அன்று மத்தியானம் அவன் வயிறாரச் சாப்பிட்டான். அபி சோற்றைத் தொடாமல் எழும்பினாள். நான் அவள் தலையைத் தடவினேன். நல்ல காரியம் செய்தாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஐயர் வந்து திவசம் முடிந்து, சனம் பந்தியில் இருந்தது. எதிர்வீட்டு யோகன், அவனுடைய வளர்ந்த மகன், ஜனகனின் கூட்டாளிகள் எல்லோரும் இருந்தார்கள். நாதன் தானே சோறு பரிமாறினான். மனம் இலேசாகிப்போன மனிதனின் நடை. யோகனின் இலைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

"அண்டைக்கு அவன் என்னவோ எடுத்தவன்தான். நான் இனி மறைக்கேல்ல. ஆனா டொக்டரிட்டச் சொல்லியும் பிரயோசனம் இல்லையாம். சொன்னாலும் சொல்லாட்டிலும் போறவன் போறதுதானாம். இஞ்ச இருக்கிறா, சுவிஸில இதைப் படிச்ச பிள்ளை. அவதான் சொன்னவ."

எல்லோரும் அபியைப் பார்த்தார்கள். அவள் கையில் சாம்பார் வாளி. பெடியள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மண்டபத்தில் பூட்டிக்கிடந்த அதே முகங்கள் இப்போது கேட்டுக்கொண்டன, நம்பிக்கொண்டன.

அபி வாயைத் திறந்தாள். நாதன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவள் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

6

திரும்பி வந்தபிறகு அபி அந்தக் கூடாரத்துக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, கீழே ட்ராம் போவதைப் பார்ப்பாள். நான் முன்பு வெறுத்த வேலை. இப்போது போ என்று கெஞ்சினேன். "பொய் சொல்லுற ஆக்களுக்கு அங்க வேலை இல்லை," என்றாள். சலவை அறையில் வெள்ளை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பேன்: ஒருவனைத் தூங்கவைப்பதற்குச் சொன்ன ஒரு சொல், இப்போது இறங்குதுறையிலிருந்து இறக்கக்கண்டி வரைக்கும் எத்தனை வாயில் நடந்து போயிருக்கும்?

அடுத்த சுற்றுலாக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு பகல், சாப்பாட்டு மேசையில் இருந்தபோது நாதன் தொலைபேசியில் எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா, யோகனிட மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம். கடற்கரையில விழுந்திட்டானாம். உடம்பு கொதிக்குதாம். யோகன் எனக்குப் போன் அடிச்சவன், டொக்டர் கேக்கிறா, சொல்லுறதோ விடுறதோ எண்டு. பொலிசுக்கும் பயந்து சாகிறான். நான் சொன்னனான், சொல்லித்தான் என்ன, பேரைக் கெடுக்காத எண்டு. சரிதானே?"

அபி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். தொலைபேசியைப் பறித்தாள்.

"மாமா, யோகன் மாமாவுக்கு இப்பவே அடியுங்கோ. டொக்டரிட்ட எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்கோ. என்ன எடுத்தவன், எப்ப எடுத்தவன், குடிச்சவனோ, எல்லாம்."

"நீதானே பிள்ளை சொன்னனி, சொல்லியும் பிரயோசனம் இல்லை எண்டு?"

"நான் பொய் சொன்னனான் மாமா."

அந்தப் பக்கம் எங்கோ காகம் ஒன்று கத்தியது மட்டும் கேட்டது.

"நீங்கள் அழக்கூடாது எண்டு சொன்னனான். எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாப் பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் விட்டிருக்கலாம். ஆருக்கும் தெரியாது. ஆனா உடம்பைக் குளிராக்கிற விதம் வேற, குடுக்கிற மருந்து வேற, அதுக்கு என்ன எடுத்தவன் எண்டு டொக்டர்மாருக்குத் தெரியவேணும். மாமா, கேக்குதோ? அடியுங்கோ. இப்ப அடியுங்கோ. மாமா!"

தொடர்பு அறுந்தது. அவன் யோகனுக்கு எடுத்தானா, அப்படியே நின்றுவிட்டானா என்று தெரியாமல், நாங்கள் இரண்டுபேரும் ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் இருந்தோம். அபி றிஸ்வானுக்கும் எடுத்துச் சொன்னாள். அவன் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான்.

அவன் போய்ச் சேர முதலே நாதன் அங்கே போய்விட்டிருந்தான். யோகனுக்குத் தொலைபேசியில் எடுக்கவில்லை. சாரத்தோடு, செருப்பில்லாமல், கடைத்தெருவால் ஓடியிருக்கிறான். உள்ளே போய், யோகனைத் தள்ளிவிட்டு, டொக்டரின் முன்னால் நின்று கத்தினானாம்: "எடுத்தவன்! குளிசை எடுத்தவன்! அப்பன் பொய் சொல்லுறான், நம்பாதேங்கோ!"

யோகனின் மகன் பிழைத்துக்கொண்டான். சில நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டான். ஜனகன் எடுத்தது வேறு, இவன் எடுத்தது வேறாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரமும் வேறு என்று அபி எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதை வைத்து அதைச் சொல்ல ஏலாது என்றாள். அது ஆய்வுகூடத்துக்குச் சரி. நாதனுக்கு அந்தக் கணக்கு எப்படி விளங்கும்? அவன் பார்த்தது ஒன்றுதான். கேட்டார்கள், சொன்னான், பிள்ளை எழும்பி வீட்டுக்கு நடந்து போனான்.

அதற்குப் பிறகு நாதன் எங்களோடு கதைப்பதில்லை. நான் எடுத்தால் தொடர்பு கிடைப்பதில்லை. யோகன் குடும்பமாகப் பழத்தட்டோடு நன்றி சொல்லப் போனபோது கேற்றைத் திறக்கவில்லையாம். கடை பூட்டிக் கிடக்கிறது. திருத்தக் கொடுத்த எஞ்சின்களை ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

போன கிழமை புவனா தொலைபேசியில் எடுத்தாள். அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டிய குரல்.

"மச்சாள், இவர் விடிஞ்சா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிடுறார். அங்கயே நிக்கிறார். ஆரும் பெடியனைத் தூக்கிக்கொண்டு வந்தா, பாம்பு கடிச்சதோ மரத்தால விழுந்ததோ, பின்னால ஓடி ஓடி, என்ன எடுத்தவன் சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு கத்துறார். காவலாளிகள் பிடிச்சு வெளிய விடுகினம். சனம் விசரன் எண்டு சொல்லத் தொடங்கிட்டுது. நான் ஒருத்தி என்ன செய்ய?"

நான் அபியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அபி பக்கத்தில நிக்கிறாவோ?"

"ஓம்."

"அவவிட்டக் குடுங்கோ. மாமாவோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ. முந்திச் சொன்னதுதான் உண்மையாம், சொல்லியிருந்தாலும் பிழைச்சிருக்கமாட்டானாம் எண்டு இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ, மச்சாள். அவர் நம்புவார். அந்தப் பிள்ளை சொன்னா நம்புவார்."

அபிக்கு எல்லாம் கேட்டது. நான் தொலைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். கை நீளவில்லை. "மச்சாள்? மச்சாள்?" என்று புவனா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.